இறங்குதுறையில் கேட்ட கேள்வி

என் கணவருக்குப் பார்க்கின்சன் நோய். நடை சீராக மூளைக்கும் பயிற்சி வேண்டுமாம். தினமும் அவரைக் கதிரையில் இருத்தி, குறிகாட்டுவான் போகும் பஸ் நிற்கும் இடங்களைக் கடைசியிலிருந்து தலைகீழாகச் சொல்ல வைப்பேன். "நடக்கேக்கை மட்டும் ஒண்டும் கேக்காதேங்கோ" என்று கிளினிக்கில் பயிற்சி தந்த பிள்ளை சொன்னதை நான் பெரிதாக எடுக்கவில்லை.

போன மாதம் நயினாதீவு இறங்குதுறையில் படகு ஏறும்போது, "கிளினிக் கொப்பியை எங்கை வைச்சனீங்கள்?" என்று கேட்டுவிட்டேன். அவர் யோசித்தார், கால் அப்படியே நின்றுவிட்டது. ஒரு கால் படகில், மற்றது துறையில். படகு விலகியது. படகுக்காரர்தான் இடுப்பைப் பிடித்து உள்ளே இழுத்தார்.

"அக்கா, அவர் உள்ளுக்கை இருந்தாப்பிறகு கேளுங்கோவன்!"

கொப்பி என் பையிலேயே இருந்தது.

இப்போது அவர் நடக்கும்போது நான் வாய் திறப்பதில்லை. அவர் வந்து கதிரையில் இருப்பதற்குள், கேட்க நினைத்தது எனக்கு மறந்துவிடுகிறது.