பின்பக்கம் விட வேண்டிய இடம்

சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டில் முப்பது வருஷம் தகடு தூக்கியவர் தமீம். அங்கே அவர் கற்றது ஒன்றுதான்: ரசீது இருக்கிற சரக்கை எவனும் தொட முடியாது. நடுரோட்டில் லாரியை மறித்தாலும் பில்லை நீட்டினால் போதும், வழி விட்டுவிடுவார்கள். கடைசியில் அந்த நம்பிக்கைதான் அவரைக் கவிழ்த்தது.

திருவொற்றியூரில் அவருடைய பங்கு மாடி. கீழ்த்தளம் இறந்துபோன அண்ணனுடையது. அண்ணன் மகன் தவ்ஃபீக் அதை வலைக் கிடங்காக வைத்திருந்தான். மனைவி பதுருன்னிசாவுக்கு வாதம் வந்து வலப்பக்கம் விழுந்த பிறகு, மாடிக்குப் போகும் செங்குத்தான இரும்புப் படியில் அவளை ஏற்ற முடியவில்லை. பின்பக்கக் காலி இடத்தில் நாலு குழாய் நட்டு, பழைய தகரம் அடித்து, அவளுக்கென்று ஒரு கொட்டகை போட்டார். பக்கத்திலேயே அடிபம்பு. தண்ணீருக்கு வரும் பெண்களின் சண்டையில் பாதியைக் கட்டிலில் படுத்தபடியே அவள் தீர்த்துவைப்பாள், மீதியை மூட்டிவிடுவாள்.

இரண்டு வருஷம் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. தகரம் வெயிலில் கொதிக்கிறதென்று போன சித்திரையில் செங்கல் சுவர் எழுப்பினார். கையோடு, கொட்டகைக்கும் வரி போடச் சொல்லி மண்டல அலுவலகத்தில் மனுவும் கொடுத்தார்.

"தூங்கினு கீறவன எதுக்கு பாய் எயுப்புற?" என்றான் மார்க்கெட் தோஸ்து அன்பரசன்.

"வரி ரசீது கைக்கு வந்துச்சுன்னா அப்பால எவன் வருவான்?"

வந்தார்கள். டேப் பிடித்து அளந்த அதிகாரி உதட்டைப் பிதுக்கினார். "பாய், வீட்டுக்குப் பின்னால இடம் விட்டே ஆகணும். நீங்க மதிலோட மதிலா கட்டி வெச்சிருக்கீங்க. பிளான்லயும் இல்ல."

"தகரமா இருந்தப்ப யாரும் கேக்கலியே சார்?"

"தகரமா இருந்தப்ப நீங்க எங்களக் கூப்பிடலியே."

பதினைந்து நாளில் இடிக்கச் சொல்லி நோட்டீஸ் ஒட்டினார்கள். மேல்முறையீட்டுக்குத் தவ்ஃபீக்கின் கையெழுத்தும் வேண்டியிருந்தது. "போட்டா என் கிடங்கையும் அளப்பான் சாச்சா," என்று அவன் நழுவிக்கொண்டான்.

மெஷின் வந்தால் பதுருன்னிசா பயப்படுவாள் என்று தமீமே கடப்பாரையை எடுத்தார். சுவர் போனது, தகரம் போனது. வெறும் வானத்தின் கீழ் கட்டில் மிஞ்சியது.

"ஒரு தார்ப்பாயாவது கட்டிக்கிட்டா?" என்று போட்டோ எடுக்க வந்த அதிகாரியிடம் கேட்டார்.

"அதுவும் கூரைதான் பாய்."

"கட்டிலு?"

"கட்டில் கட்டடம் இல்ல. அது கெடக்கலாம்."

இரண்டு நாள் வெயிலுக்குக் குடை பிடித்தார்கள். மூன்றாம் நாள் மழை பிடித்துக்கொண்டது.

அன்பரசன் மூன்று பேரோடு வந்தான். பிளாஸ்டிக் நாற்காலியில் பதுருன்னிசாவைத் துப்பட்டாவால் கட்டி, தகடு தூக்குகிற மாதிரியே ஆளுக்கொரு மூலை பிடித்து ஏற்றினார்கள். பாதிப் படியில் அவள் கீழே அடிபம்பைப் பார்த்தாள். மழையில் அங்கே யாரும் இல்லை.

"மறுபடி என்னிக்கு எறக்குவீங்கன்னு எனக்குத் தெரியும்," என்றாள், குழறலாக.

"இன்னாக்கா பேசிகினு கீற? கம்முனு குந்து."

"அன்னிக்கும் நாலு பேருதான். சந்தூக்குல வெச்சு, கபர்ஸ்தானுக்கு."

அன்பரசனின் பிடி ஒரு கணம் தளர்ந்தது. பின்னால் வந்த தமீம் நாற்காலிக் காலைத் தாங்கிப் பிடித்தார். "மெதுவா, மெதுவா," என்று மட்டும் சொல்லிக்கொண்டு ஏறினார்.