நான் அணைக்காத சூடம்

"மனசாட்சிப்படி நடக்கிறேன்" என்று எவனாவது சொன்னால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வரும். அந்த வார்த்தையை எங்கள் ஊரில் அதிகமாகச் சொன்னவன் நான்தான். அதனால் சொல்ல எனக்கு உரிமை உண்டு.

முக்கூடலுக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். தொண்ணூறுகளின் நடுவில், பாளையங்கோட்டையில் பி.ஏ. முடித்துவிட்டு, வேலை எதுவும் அமையாமல் அப்பாவின் வயலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். டீக்கடையில் உட்கார்ந்தால் சாமியையும் சாமியாடியையும் வெளுத்து வாங்குவேன். கேட்கிறவர்களுக்கும் பொழுது போயிற்று. ஊரில் எனக்குப் படித்தவன், நேர்மையானவன் என்று ஒரு பேர் இருந்தது. அந்தப் பேரை முதலில் நம்பியவனும் நானே.

எங்கள் வாய்க்காலுக்கு நீர்பாய்ச்சி என்று ஓர் ஆள் உண்டு. எந்த வயலுக்கு எத்தனை மணி நேரம் என்று முறைவைத்து மடை திறப்பதும் அடைப்பதும் அவன் பொறுப்பு. அப்போது இருந்தவன் என்னோடு ஐந்தாம் வகுப்பு வரை படித்தவன். அவனுக்கும் அதே வாய்க்காலில் சின்னதாக ஒரு வயல் இருந்தது. கார், பிசானம் இரண்டு பருவத்திலும் முதல் தண்ணீர் வருவதற்கு முன்னால், வாய்க்கால் கரையில் இருக்கிற மாடன் சாமி பீடத்தில் சூடம் ஏற்றி, எரிகிற சூடத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்து, ஊர் முன்னால் சத்தியம் செய்வான். சத்தியம் ஒன்றே ஒன்றுதான். 'என் வயல் மடையை என் கையால் தொடமாட்டேன்' என்பது. அவன் முறை வரும்போது அடுத்த வயல்காரர்தான் திறந்துவிட வேண்டும். இவன் அந்தப் பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டு, தூரத்தில் வெற்றிலை போட்டுக்கொண்டு நிற்பான்.

எனக்கு அதைப் பார்த்தாலே எரிச்சலாக இருக்கும். ஒருநாள் கேட்டே விட்டேன்.

"ஏலே, ஒனக்கு ஒம் மேலயே நம்பிக்கை இல்லையா?"

"இல்ல," என்றான். கொஞ்சமும் வெட்கப்படவில்லை. "எம் மனசை எனக்குத் தெரியும்லா. பயிரு வாடிச்சுன்னா அது மாடனையே வித்துத் தின்னுரும். அதான் மடையை அவங்கிட்ட ஒப்படைச்சுட்டுச் சும்மா நிக்கேன்."

"மனசாட்சி உள்ளவனுக்கு மாடன் என்னத்துக்குலே?"

"நீ படிச்சவன். ஒனக்கு வேண்டாமா இருக்கும்," என்று சொல்லிவிட்டு மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டான். அவன் என்னை ஏளனம் செய்கிறானா, நிஜமாகவே சொல்கிறானா என்று புரியாமல் அன்று முழுவதும் எனக்கு ஆத்திரமாக இருந்தது.

ஒரு வருஷம் பிசானத்தில் மழை ஏமாற்றிவிட்டது. மாசி மாதம் அணையிலிருந்து இன்னும் ஒரே ஒரு தண்ணீர்தான் விடுவார்கள் என்ற நிலை. நெல் பால் பிடிக்கிற நேரம். அந்த ஒரு தண்ணீர் கிடைத்த வயலின் நெல் வீடு வந்து சேரும். கிடைக்காத வயல் பதராகப் போகும். அந்த வாரம் பார்த்து நீர்பாய்ச்சி வரப்பில் வழுக்கி விழுந்து காலை ஒடித்துக்கொண்டான். கடைசித் தண்ணீரைப் பாய்ச்ச யாரை விடுவது என்று கூட்டம் போட்டார்கள். எல்லோரும் என் பேரைச் சொன்னார்கள். நான் வேண்டாம் என்று ஒரு பேச்சுக்குக்கூடச் சொல்லவில்லை.

பீடத்தில் சூடம் ஏற்றினார்கள். நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

"சூடமெல்லாம் வேண்டாம். எனக்கு என் மனசாட்சி போதும்."

சைக்கிள் கேரியரில் காலை நீட்டி உட்காரவைத்து நீர்பாய்ச்சியையும் கூட்டி வந்திருந்தார்கள். அவன்தான் வாயைத் திறந்தான்.

"சூடம் அணைக்காட்டாப் போகுது. ஒன் வயல் மடையை மட்டும் நீ தொடாதல. வேற ஆளத் திறக்கச் சொல்லு."

"ஏன், நான் களவாணிப் பயலா?"

"நீ களவாணின்னு நான் சொல்லல. நான் களவாணி. அதனாலதான் நான் தொடுததில்ல."

சூடம் தானாக எரிந்து அணைந்தது. கூட்டத்தில் கடைமடைக்காரி ஒருத்தி நின்றாள். வாய்க்காலின் கடைசி வயல் அவளுடையது. சொந்த வயல்கூட இல்லை, பாட்டத்துக்கு எடுத்துப் பயிர் வைத்திருந்தாள். புருஷன் பம்பாய்ப் பக்கம் போனவன், போனவன்தான். பீடி சுற்றித்தான் பிழைப்பு. ஒரே மகள், பத்தாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தாள். போகும்போது என்னிடம் வந்து சொன்னாள்.

"தம்பி, ஒங்க கையில தண்ணி இருக்குன்னா எனக்குக் கவலையே இல்ல. இந்த நெல்லு மட்டும் வீடு வந்துட்டுன்னா ஒரு வருசச் சோத்துக்குப் பயமில்ல. பிள்ளைய எப்படியும் படிக்க வச்சிருவேன்."

நான் பெரிய மனுஷன் மாதிரித் தலையை ஆட்டினேன்.

மூன்று நாள் ஒழுங்காகவே பாய்ச்சினேன். யாருக்கும் ஐந்து நிமிஷம் கூடவோ குறையவோ விடவில்லை. மச்சினன் வந்து கெஞ்சினான், அவனையும் விரட்டினேன். கடைசி நாள் மத்தியானம் இரண்டு மணியிலிருந்து நாலு மணிவரை என் முறை. நாலிலிருந்து ஆறுவரை அவள் முறை. ஆறு மணிக்குத் தலைமடையை அடைத்துவிடுவார்கள். அதோடு அந்த வருஷத்துத் தண்ணீர் முடிந்தது.

என் வயல் மடையை நானே திறந்தேன். கால் உள்ளே போகிற அளவு வெடித்துக் கிடந்த வயல், தண்ணீர் விழவிழக் குடித்துக்கொண்டே இருந்தது. நாலு மணிக்குப் பாதி வயல்கூட நனையவில்லை. அப்போதுதான் அந்தச் சவம், என் மனசு, பைய வாயைத் திறந்தது. உன் வயல் மேடு, தண்ணீர் ஏற நேரமாகும் என்றது. அவள் வயல் பள்ளம், உன் வயல் கசிவே அங்கே போய்ச் சேரும் என்றது. மூன்று நாளாக நாய் மாதிரி அலைகிறாயே, கூலியா வாங்கினாய் என்றது. ஒவ்வொன்றும் கேட்க நியாயமாகவே இருந்தது. இதைத்தான் நான் மனசாட்சி என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

பத்து நிமிஷம் என்று நினைத்தேன். சேறு படும் என்று கைக்கடிகாரத்தைக் கழற்றிச் சட்டைப் பைக்குள் போட்டேன். மூன்று நாளும் அதே சேற்றில்தான் நின்றேன், அப்போதெல்லாம் கழற்றவில்லை. மறுபடி எடுத்துப் பார்த்தபோது ஐந்தேகால். வயல் வரப்பு முட்டத் தளும்பிக்கொண்டு நின்றது. மடையை அடைத்தேன்.

கடைமடைக்கு ஓடினேன். அவள் மண்வெட்டியோடு வாய்க்காலுக்குள் நின்றுகொண்டிருந்தாள். தண்ணீர் அப்போதுதான் அவள் காலடிக்கு வந்தது. ஓரத்தில் ஒரு கீற்று நனைந்தது. இருட்டுவதற்குள் வாய்க்கால் வற்றிவிட்டது.

"என்ன தம்பி, இவ்வளவுதானா?"

"ஆத்துல வரத்து கம்மி அக்கா."

நாக்குக் கூசவில்லை. கேள்வி வருவதற்கு முன்பே பதில் தயாராக இருந்தது.

அவள் என் முகத்தைப் பார்த்தாள். என் மேலே சந்தேகப்படுவாள் என்று நினைத்தேன். அவள் நம்பினாள்.

"நீங்க என்ன செய்வீக. மூணு நாளா வெயில்ல கெடந்து கறுத்துப் போயிட்டீகளே. தலைவிதி," என்றாள்.

அவள் வயல் பதராகத்தான் போயிற்று. அறுத்து மாட்டுக்குப் போட்டாள். என் வயலில் நல்ல விளைச்சல். பள்ளிக்கூடம் திறந்தபோது அவள் மகள் போகவில்லை. அம்மாவுக்குப் பக்கத்தில் இன்னொரு பீடித் தட்டோடு உட்கார்ந்துவிட்டாள். நான் அந்தத் தெரு வழியாகத்தான் வயலுக்குப் போக வேண்டும். "என்ன மாமா, வயலுக்கா?" என்று இலையிலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்பாள். நான் சைக்கிளை மிதிப்பேன்.

கார் பருவம் வந்தது. பீடத்தில் கூட்டம். நீர்பாய்ச்சிக்குக் கால் சரியாகிவிட்டது, ஆனாலும் நொண்டினான். அப்போது கடைமடைக்காரி முன்னால் வந்து சொன்னாள், "இந்தத் தம்பியே பாய்ச்சட்டும். தண்ணி இல்லாத காலத்துலயும் ஒழுங்கா முறை விட்டவுக."

நீர்பாய்ச்சி என்னைப் பார்த்தான். அவன் ஒடிந்த காலோடு அறுப்பு நேரத்தில் என் வயல் வரப்பில் வந்து உட்கார்ந்திருந்தான். வாய்க்கால் ஓட்டம் தெரிந்தவனுக்குக் கணக்குப் போட எவ்வளவு நேரம் ஆகும்? அவன் பேசியிருந்தால் அவனை அடித்திருப்பேன், அப்படி ஒரு வெறி எனக்கு. பேசாமல் ஒரு சூடத்தை எடுத்து என் முன்னால் வைத்து ஏற்றினான்.

அடித்து அணைத்தேன். உள்ளங்கை பொரிந்தது. என் வயல் மடையை இனி என் கையால் தொடமாட்டேன் என்று மாடனிடம் சொன்னேன். நீர்பாய்ச்சி வேலையை அந்தப் பழைய ஆளிடமே விட்டேன். அன்றையிலிருந்து இன்றுவரை தொடவில்லை. எத்தனையோ வறட்சி வந்துவிட்டது. மனசு வந்து நியாயம் பேசும். அது என் கையில் இல்லை, போய் மாடனிடம் கேள் என்று சொல்லிவிட்டு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பேன். அந்தப் பயல் நின்ற மாதிரியே.

நான் சூடம் அணைத்ததைப் பார்த்துக் கடைமடைக்காரிக்குச் சந்தோஷம். "தம்பிக்குப் பக்தி வந்துட்டு," என்றாள்.

அவளிடம் நான் இன்னும் உண்மையைச் சொல்லவில்லை. மடையைத்தான் மாடனிடம் கொடுத்தேன், வாயைக் கொடுக்கவில்லை. சொன்னால் அவளுக்குத்தானே வருத்தம், இத்தனை வருஷத்துக்குப் பிறகு எதற்கு என்று மனசு சொல்கிறது. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. இதை எழுதுகிறேனே, அதுவும் பெரிய தைரியமில்லை. அவளுக்கு வாசிக்கத் தெரியாது.