அத்தையின் அடித்தல் திருத்தல்கள்

எங்கள் அத்தை பாட்டை விட்டுவிட்டு எழுத வந்தவள் என்று யாராவது மேடையில் பேசினால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். போன மாதம்கூட ஒருவர் மைக்கைப் பிடித்துக்கொண்டு, கச்சேரியில் பேரும் புகழுமாக இருந்தபோதே அதை உதறிவிட்டு இசைநாடகம் எழுத வந்த துணிச்சல்காரி என்று கால் மணி நேரம் பேசினார். அத்தை முதல் வரிசையில் உட்கார்ந்து புடவைத் தலைப்பில் ஒரு நூலைப் பிரித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் நான் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். அவள் எதையும் உதறவில்லை. நடந்தது என்ன என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் அதில் பாதி நான் செய்தது.

அப்போது நான் ஐந்தாம் வகுப்பு. மலையாளம் பேசும் ஊரில், கரமனையில் எங்கள் வீடு. அத்தை அப்பாவுக்கு அக்கா. நாகர்கோவிலில் பள்ளிப் படிப்பை முடித்துவிட்டு இங்கே இசைக் கல்லூரியில் சேர வந்தவள், படிப்பு முடிந்தும் திரும்பிப் போகவில்லை. கல்யாணமும் செய்துகொள்ளவில்லை. வானொலியில் பாடினாள், கோயில் திருவிழாக்களில் பாடினாள், சென்னை வரை போய்ப் பாடிவிட்டு வந்தாள். நாற்பது வயது தாண்டியதும், அடுத்தவர் எழுதியதையே பாடிப் பாடி அலுத்துவிட்டது என்று இசைநாடகம் எழுத உட்கார்ந்தாள். வசனமே கிடையாது, கதை முழுக்கப் பாட்டு. உட்கார்ந்தாள் என்பது ஒரு பேச்சுக்குத்தான். அவள் உட்கார்ந்து எழுதி நாங்கள் யாரும் பார்த்ததில்லை.

அவள் வாயால் எழுதினாள். ஒரு சொல்லை எடுத்து அடுக்களையில் நின்று மேலே ஏற்றிப் பார்ப்பாள், கீழே இறக்கிப் பார்ப்பாள், சரியாக வந்தால் கையில் கிடைத்த காகிதத்தில் குறித்துக்கொள்வாள். கையில் கிடைப்பது கரண்ட் பில்லாகவும் இருக்கும், என் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கமாகவும் இருக்கும். குரல் உச்சிக்குப் போகும் இடத்தில் ‘ஆ’ என்று முடியும் சொல்தான் வர வேண்டும் என்பது அவளுடைய சட்டம்.

“அங்க போயி ‘ஈ’ வச்சா பல்லுவலிக்காரி மாதிரி இருக்கும், கேட்டியா மக்களே?” என்பாள் என்னிடம். நாகர்கோவில் பக்கத்தில் பிள்ளைகளைச் செல்லமாக ‘மக்களே’ என்றுதான் கூப்பிடுவார்கள்.

கேட்டேன், கேட்டேன். பல் தேய்க்கும்போதும் கேட்டேன், பள்ளிக்கூட வேன் வாசலில் ஹார்ன் அடித்துக்கொண்டிருக்கும்போதும் கேட்டேன்.

கதை ஒரு தோணிக்காரனின் மகளைப் பற்றியது. அப்பன் நோயில் படுத்துவிட, அண்ணன் தோணியை எடுத்துக்கொண்டு ஆற்றில் இறங்குகிறான். திடீரென்று வெள்ளம் வருகிறது. கரையில் நிற்கும் தங்கை “அண்ணா” என்று கூப்பிடுகிறாள். அந்த ஒரு சொல் மேல் காந்தாரத்தில், அதாவது ஏறக்குறைய அத்தையின் குரல் எட்டக்கூடிய உச்சியில், போய் நிற்க வேண்டும். தங்கையாகப் பாடப்போகும் அத்தை, நாடகத்துக்கே அதுதான் உயிர் என்றாள்.

அது சரியாக வருகிறதா என்று பார்த்தது கல்லாற்றில். பொன்முடிக்குப் போகும் வழியில் நாங்கள் குளிக்க இறங்கியிருந்தோம். அத்தை மட்டும் ஒரு பாறைமேல் ஏறி நின்று முழுக் குரலில் “அண்ணா” என்று கூப்பிட்டாள். எதிர்க்கரையில் துணி துவைத்துக்கொண்டிருந்த ஒருவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்கி ஓடி வந்தார்.

“ஆரா சேச்சி வெள்ளத்தில் வீணது?”

யாரும் விழவில்லை, பாட்டு எழுதுகிறாள் என்று அவருக்கு விளக்குவதற்குள் அப்பாவுக்கு வேர்த்துவிட்டது. எனக்கோ அந்தக் குரல் ரொம்பப் பிடித்துப்போயிற்று. உடம்பு சிலிர்த்தது. அதன்பிறகு அத்தையின் தொல்லைகளையெல்லாம் அந்த ஒரு ‘அண்ணா’வுக்காகத்தான் பொறுத்துக்கொண்டேன்.

தொல்லையில் பெரிய தொல்லை நகல் எழுதுவது. நாடகம் தமிழில். வயலின்காரர் நெய்யாற்றின்கரைக்காரர், மிருதங்கமும் புல்லாங்குழலும் இந்த ஊர்க்காரர்கள். மூன்று பேருக்கும் தமிழ் கேட்டால் புரியும், படிக்கத் தெரியாது. அத்தைக்கு மலையாளம் சரளமாகப் பேச வரும், எழுத்து மட்டும் பஸ் போர்டைக் கூட்டிப் படிக்கிற அளவுக்குத்தான். வீட்டில் மலையாளப் பள்ளியில் படிக்கிறவள் நான் ஒருத்தி. எனவே தமிழ்ப் பாட்டை மலையாள எழுத்தில் எழுதி, யார் எங்கே நிறுத்த வேண்டும், யார் எங்கே எடுக்க வேண்டும் என்று ஓரத்தில் குறிப்பும் போட்டுக் கொடுக்கும் உத்தியோகம் என் தலையில் விழுந்தது. ஒவ்வொரு பக்கத்துக்கும் மூன்று நகல். ஒன்றை எழுதி ஜெராக்ஸ் எடுக்கலாமே என்று கேட்டேன்.

“நாளைக்கு மாத்துவேன்லா, அதுக்குப் போயி எதுக்கு ஜெராக்ஸ்?” என்றாள். என் விரலுக்கு மட்டும் அந்த நியாயம் கிடையாது.

சொன்னபடியே மாற்றினாள். தம்பானூர் பக்கம் ஒரு ஹாலில் அரங்கேற்றம் என்று நாள் குறித்தாயிற்று. சென்னையிலிருந்து ஒரு சபாவைச் சேர்ந்தவர்கள் பார்க்க வருவதாகவும், பிடித்தால் அங்கே மேடை கொடுப்பதாகவும் ஏற்பாடு. இருபது வருஷம் பாடிச் சம்பாதித்த பெயரை அத்தை அந்த ஒரு சாயங்காலத்தின்மேல் வைத்திருந்தாள். அப்படிப்பட்டவள், நாள் நெருங்க நெருங்க, இருக்கிறதிலேயே நல்ல இடத்தில்தான் கையை வைத்தாள். மூன்று தடவை கூப்பிடும் ‘அண்ணா’ இரண்டு தடவையாயிற்று. அடுத்த வாரம் ஒன்றாயிற்று. ஒவ்வொரு திருத்தத்துக்கும் பழவங்காடிப் பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் அடித்துவிட்டு வந்து, இதுதான் கடைசி என்பாள். நான் மூன்று நகலும் புதிதாக எழுதுவேன்.

“அக்கா, இது நாடகமா, ரெயில்வே டைம்டேபிளா?” என்று அப்பா கேட்டார்.

ஒத்திகையிலாவது அந்த ‘அண்ணா’வைக் கேட்கலாம் என்று காத்திருந்தால் அதுவும் இல்லை. மேடைக்கு வைத்திருக்கிறேன் என்று சொல்லிக் கீழே முனகிவிட்டு நிறுத்திக்கொண்டாள். பெரிய வித்வான்கள் அப்படித்தான் என்று வயலின்காரர் மரியாதையாகத் தலையாட்டினார்.

அரங்கேற்றத்துக்கு முதல் நாள் மத்தியானம் பரீட்சை எழுதிவிட்டு வீட்டுக்கு வந்தேன். செருப்பைக் கழற்றவில்லை, அத்தை காகிதத்தோடு வாசலில் நின்றாள்.

“மக்களே, ஒரே ஒரு திருத்தம்.”

மீதியிருந்த ஒரு ‘அண்ணா’வும் அடிக்கப்பட்டிருந்தது. மற்ற வாத்தியங்கள் நின்றுவிட வேண்டும், தங்கை வாயைத் திறப்பாள், சத்தம் வராது, வயலின் மட்டும் தனியாகக் காந்தாரத்துக்கு ஏறும். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

“அதுதான் உயிருன்னு நீங்கதான அத்தை சொன்னிய?”

“வெள்ளம் வரும்போ ஒருத்தி நின்னு காந்தாரம் பாடிட்டு இருப்பாளாக்கும்? பயத்தில அவளுக்குச் சத்தம் வராது. எழுதுட்டி.”

மிருதங்கக்காரருடையதை எழுதினேன். புல்லாங்குழல்காரருடையதை எழுதினேன். வயலின்காரருடையதை எடுத்துவைத்தபோது ஆத்திரம் தலைக்கேறிவிட்டது. எப்படியும் காலையில் இன்னொரு தடவை மாற்றப்போகிறாள், மாற்றட்டும். மாற்றாவிட்டால் அதுவும் நல்லதுதான், அந்த ‘அண்ணா’ பிழைத்துக்கொள்ளும். வயலினும் நின்றுவிட, அத்தை தனியாகக் கூப்பிடும் பழைய பக்கத்தையே அவருடைய ஃபைலில் வைத்து மூடினேன்.

“மூணும் ஆச்சா?”

“ஆச்சு.”

அவள் மறுபடி மாற்றவில்லை. வயலின்காரர் மறுநாள் பஸ் பிடித்து நேராக ஹாலுக்கு வந்து, மேடையேறும் நேரத்தில்தான் ஃபைலைக் கையில் வாங்கினார்.

கூட்டம் நன்றாகவே வந்திருந்தது. சென்னைக்காரர்கள் இரண்டு பேர் முன்னால் இருந்தார்கள். தோழிகளாகப் பாடும் பெண்களோடு நானும் மேடையின் ஓரத்தில் நின்றேன். வெள்ளம் வந்தது. மிருதங்கம் நின்றது, புல்லாங்குழல் நின்றது. அத்தை கையை வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோனாள். என் காகிதத்தில் கண்டபடி வயலினும் நின்றது. அவர் வில்லைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, பாடுங்கள் என்பதுபோல அத்தையைப் பார்த்துத் தலையசைத்தார்.

ஹாலில் ஒரு சத்தமில்லை. அத்தை அவரைப் பார்த்தாள். அவர் மறுபடியும் தலையசைத்தார். யாரோ இருமினார்கள். வசமாக மாட்டிக்கொண்டாள், இனிப் பாடாமல் முடியாது என்று எனக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது.

பாடினாள். ‘அண்’ வரை வந்தது. மேலே ஏறும் வழியில் குரல் கிழிந்து வெறும் காற்று வந்தது. இன்னொரு தடவை எடுத்தாள். இந்தத் தடவை பாதிகூடப் போகவில்லை. பின்வரிசையில் யாரோ கிளுக்கென்று சிரித்தார்கள். வயலின்காரர் சட்டென்று வில்லைப் போட்டு அந்த இடத்தை எப்படியோ மூடினார். மீதி நாடகத்தை அத்தை கீழ்க் குரலிலேயே பாடி முடித்தாள். சென்னைக்காரர்கள் காப்பிகூடக் குடிக்காமல் கிளம்பிப் போனார்கள்.

மேடைக்குப் பின்னால் வயலின்காரர், தனக்குத் தந்ததில் இப்படித்தானே இருக்கிறது என்று காகிதத்தை நீட்டினார். “சேச்சி, எனிக்கு தந்ந பேப்பரில் இங்ஙனெயாணல்லோ.”

அத்தை வாங்கி, விரலை வைத்து எழுத்துக் கூட்டிப் படித்தாள். நான் எழுதியது என்று தெரிய எழுத்துக்கூட்ட வேண்டியதில்லை. பிறகு அதை நாலாக மடித்துத் தன் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

“தப்பு எனக்க மேலதான். மாத்தினதை உங்க பேப்பரில ஏத்தச் சொல்ல மறந்துட்டேன்” என்றாள்.

அப்பா வெடித்துவிட்டார். நித்தமும் மாற்றினால் இப்படித்தான் ஆகும், ஊர் சிரிக்கும் என்று எத்தனை தடவை சொன்னேன் என்று எல்லோர் முன்னாலும் கத்தினார். அத்தை பையை இழுத்து மூடித் தோளில் மாட்டிக்கொண்டாள். நான் பெண்களுக்குப் பின்னால் ஒளிந்து நின்று, யாரும் என்னைப் பார்க்கவில்லை, தப்பித்தேன் என்று நினைத்துக்கொண்டேன்.

அத்தையின் தொண்டையில் ஒரு கட்டி இருந்ததும், மூன்று மாதம் முன்பே டாக்டர் அதைப் பார்த்து, அறுத்து எடுத்தாலும் மேல் ஸ்தாயி திரும்பி வருமா என்பது சந்தேகம் என்று சொன்னதும் அம்மாவுக்கு மட்டும் தெரியும். நான் கல்லூரிக்குப் போன பிறகுதான் அம்மா என்னிடம் சொன்னாள். குரல் போகப் போக, அது எட்டாத இடங்களை எடுத்துவிட்டு அத்தை பாட்டை மாற்றி எழுதியிருக்கிறாள். ஒரே ஒரு தடவை, சென்னைக்காரர்கள் முன்னால், பழைய பெயரோடு நின்றுவிட்டால் போதும் என்று நினைத்திருக்கிறாள். அதன்பிறகு அவள் மேடையில் பாடவில்லை. எழுதினாள். அந்த நாடகத்தை இப்போது வேறு பெண்கள் பாடுகிறார்கள். தங்கை சத்தமில்லாமல் நிற்க, வயலின் தனியாக ஏறும் இடத்தில் ஜனங்கள் கண்ணைத் துடைத்துக்கொள்கிறார்கள். என்ன ஒரு கற்பனை என்று வந்து அத்தையின் கையைப் பிடித்துக்கொள்கிறார்கள்.

அன்றைக்கு ஹாலிலிருந்து ஆட்டோவில் திரும்பினோம். முன்னால் டிரைவர் பக்கத்தில் அப்பா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். நான் அம்மாவுக்கும் அத்தைக்கும் நடுவில். கிள்ளிப்பாலம் தாண்டும்வரை பொறுத்துப் பார்த்தேன், அதற்குமேல் முடியவில்லை.

“இனிமே இதை மாத்த மாட்டிய இல்லா, அத்தை?”

அத்தை என் தலையில் கையை வைத்தாள்.

“இல்ல மக்களே. இனி மாத்த ஒண்ணும் இல்ல.”

எனக்கு அப்பாடா என்றிருந்தது. அதை அவளிடம் சொல்லவும் சொன்னேன்.