ஒரு சாண் உயர்ந்த தரை

2004 டிசம்பர் 26, ஞாயிறு: காலை ஒன்பது மணியளவில் கடல் எங்கள் வீட்டுக்குள் வந்தது. என் மனைவி குசினியில், அடுப்படியில் இருந்தார். தண்ணீர் வடிந்தபோது தரையில் ஒரு சாண் மணல் இருந்தது. அவர் இல்லை.

2005, நோன்புக்கு முன்: குசினித் தரைக்குப் புதிதாகக் கொங்கிறீட் போடப்பட்டது. விறகடுப்பின் வாய் செங்கல்லால் அடைக்கப்பட்டது.

2009 மே: யுத்தம் முடிந்தது.

2009 ஜூன், ஒரு சனிக்கிழமை: அடைத்த வாய் திறக்கப்பட்டது.

நடந்தவை இவ்வளவுதான். இனி எழுதுவதெல்லாம் வியாக்கியானம்.

நுவரெலியாவில் இருக்கும் மகள் தலைப்பிரசவத்துக்கு ஊருக்கு வருகிறாள். இந்தக் கரையோரத்தில் வீடு பெண்ணுடையது. மாப்பிள்ளைதான் வந்து குடியேறுபவன். நானும் அப்படி வந்தவனே. வீடு மனைவியுடையதாக இருந்தது, இனி மகளுடையது. அவள் தொலைபேசியில் கேட்டபோது மறுக்க எனக்கு என்ன உரிமை?

"வாப்பா, நாப்பது நாளும் சுடுதண்ணி வேணும். காஸ்ல காய்ச்சி முடியுமா? உம்மாட அடுப்பத் திறங்க. இங்க வீடுகள்ல இரிக்கிற மாதிரி இரும்படுப்பு ஒண்டு செஞ்சி வைங்க. புகையெல்லாம் பைப்பால மேல போயிரும்."

"பாப்பம் மகள்."

"பாக்கிறதில்ல வாப்பா. செய்யிற."

தாயின் தொனி. நான் அடங்கினேன்.

அடைத்துக் கிடக்கும் வாயை எப்படி அளப்பது? அளக்கத் தேவையிருக்கவில்லை. மணமான புதிதில் அதை அளந்து கட்டுவித்தவன் நான். உயரம் முப்பத்தாறு அங்குலம்; மறக்கவில்லை. அந்தக் கணக்கில் வெல்டிங் கடையில் அடுப்புச் செய்வித்தேன்.

காரைதீவில் இருந்து மேசன் தங்கராசா வந்தார். 2005இல் கொங்கிறீட் போட்டவரும், வாயை அடைத்தவரும் அவரே. செங்கற்களைப் பெயர்த்தார். புகைக்கூட்டுக்குள் கம்பு விட்டுக் கரியையும் ஒரு குருவிக் கூட்டையும் இறக்கினார். பிறகு இருவருமாக இரும்படுப்பைத் தள்ளினோம்.

போகவில்லை. மேலே இடித்தது.

"ஊர்ப் பிள்ளையளுக்கெல்லாம் கணக்குப் படிப்பிச்ச சேர்... ஒரு அடுப்புக்கு அளவு பிழைச்சிட்டீங்களே!"

"அளவு பிழையில்லை, தங்கராசா."

அவர் டேப்பை இழுத்துப் பார்த்தார். குதிக்காலால் தரையைத் தட்டினார். சிரிப்பு நின்றது.

"ஓம் சேர். அளவு சரிதான். தரைதான் உசந்து கிடக்கு. மண்ணுக்கு மேலதானே அண்டைக்குப் போட்டம்."

தரை போட்ட அன்று அவர் மணலை அள்ளிவிடுவோமா என்று கேட்டார். வேண்டாம், மேலேயே போடுங்கள் என்றேன். நேரமில்லை என்று காரணமும் சொன்னேன். நம்பியதாகக் காட்டிக்கொண்டார்.

மரணம் நடந்த ஜனாஸா வீட்டில் மூன்று நாள் அடுப்புப் பற்றவைப்பதில்லை. அயலார் சோறு கொண்டுவருவார்கள். அந்த மூன்று நாளை எதிலிருந்து எண்ணுவது? அடக்கியதில் இருந்து. அடக்க எதுவும் கிடைக்கவில்லையென்றால்...? பள்ளிவாசலில், உடல் இல்லாதவருக்குத் தொழும் காயிப் ஜனாஸா தொழுதோம். ஊர் மூன்று நாளை எண்ணி முடித்தது. நான் தொடங்கவில்லை. காஸில் தேநீர் வைப்பேன். அது அடுப்பில் சேராது என்று எனக்கு நானே வாதிட்டுக்கொள்வேன். படித்தவனுக்கு வாதத்திலா பஞ்சம்?

"ரெண்டு வழி இரிக்கு சேர். மேல கொத்தலாம். இல்லாட்டிக் கீழ கொத்தலாம்."

"மேலே கொத்துங்கள்."

"மேல கொத்தினா புகைக்கூடு இறங்கிரும். பிள்ளைத்தாச்சி வாற வீடு, சேர்."

அவர் உளியை எடுக்கவில்லை. என் பதிலுக்காக நின்றார். முற்றத்துக்குப் போய் வந்தேன்.

"சரி. கீழே."

அடுப்பு வாயளவுக்கு மட்டும் கொங்கிறீட் உடைந்தது. அடியில் மணல் — உலர்ந்து, வெளுத்து, ஏறத்தாழ நாலு வருடம் மூடியிருந்தது போலவே இல்லை. அதைத் தங்கராசா மண்வெட்டியால் அள்ளவில்லை, கையால் அள்ளினார். அவருடைய தாயாரும் அதே காலையில் போனவர்.

பழைய சிவப்புத் தரை தெரிந்தது. அதன் நடுவே அடுப்பு எரிந்த கருவட்டம். ஓரத்தில், பாதி எரிந்த ஒரு விறகு.

"இதை என்ன செய்ய, சேர்?"

வாங்கி ஜன்னலில் வைத்தேன்.

இரும்படுப்பு உள்ளே போய்க் கருவட்டத்தின் மேல் உட்கார்ந்தது. மேலே பைப்புக்கு வேண்டிய இடைவெளியும் இருந்தது. நினைவில் வைத்திருக்கும் அளவுகள் எல்லாம் பழைய தரையில் நின்று எடுத்தவை. நாமோ உயர்ந்த தரையில் நின்றுகொண்டு அவற்றைப் பொருத்தப் பார்க்கிறோம். இடிக்காமல் என்ன செய்யும்?

மிச்சமிருக்கும் வேலைகள்:

பைப்பின் தலைக்குத் தகரத் தொப்பி. மழைக்கு முன்.

உடைத்த ஓரங்களுக்குச் சாந்து.

முற்றத்தில் இரண்டு சீமெந்துப் பை மணல். கடலுக்கா, ஊரார் அடங்கியிருக்கும் மையவாடிக்கா... முடிவு செய்யவில்லை.

பாதி எரிந்த விறகை மகளிடம் கொடுப்பது. முதல் நெருப்பு அவளுடையது.

இதை எழுதும் இன்று திங்கள். அவள் வெள்ளிக்கிழமை வருகிறாள். இடையில் இருக்கும் மூன்று நாளையும் நான் எண்ணவேண்டும்.