வேலிக்கு வெளியே நின்ற மெல்கியானுஸ்

மெல்கியானுஸின் கதையைக் கேட்காமல் அரூ தீவை விட்டுப் படகேறிய வெளிநாட்டான் கிடையாது. பறவையும் பூச்சியும் சேர்க்க அந்தக் காலத்தில் வந்த வெள்ளைக்காரத் துரைக்குக் காட்டில் வழி காட்டியவர் இவருடைய கொள்ளுத்தாத்தா சீலாஸ். துரை சாராயத்தில் ஊறப்போட்டிருந்த பாம்பை வெளியே எடுத்து வைத்துவிட்டு, சாராயத்தை மட்டும் குடித்தவரும் அவரேதான். மெல்கியானுஸ் இளைஞராக இருந்தபோது அந்தப் பாம்பு முழ நீளம் இருந்தது. தலை நரைத்தபோது அது மலைப்பாம்பாகியிருந்தது.

துரை ஊருக்குத் திரும்பித் தடித்தடியாகப் புத்தகம் எழுதினார். எறும்பு கடித்ததற்கு ஒரு பக்கம் ஒதுக்கியவர், சீலாஸுக்கு ஒரு வரி ஒதுக்கவில்லை. அந்த வயிற்றெரிச்சல்தான் மெல்கியானுஸுக்கு வந்த பரம்பரைச் சொத்து. அதோடு ஒரு தென்னந்தோப்பு.

அப்படிப்பட்டவருக்கு லண்டனிலிருந்து தகவல் வந்தது. துரை போன வழியிலேயே போய்ப் படம் எடுக்கிறார்களாம். சொர்க்கப் பறவைகள் கூடி ஆடும் மரத்துக்கு சீலாஸின் வாரிசே முன்னால் நடக்க வேண்டுமாம்.

“பேரு வரும் ஓர்ப்பா! தாத்தா பேரு, என் பேரு, ரெண்டும் படத்துல வரும்!” என்று மனைவியிடம் குதித்தார்.

“முதல்ல போய்ப் பல்லைக் கட்டிக்கிட்டு வாங்க. இந்த வாயைப் பார்த்தா பறவை ஆடாது, ஓடும்.”

பல் கட்டியாயிற்று, தலைக்குச் சாயமும் அடித்தாயிற்று. அப்புறம்தான் அவருக்குத் தோப்பு ஞாபகம் வந்தது. அந்த மரத்துக்குப் போகும் ஒரே பாதை தோப்புக்குள்தான் போகிறது. தோப்போ சாசியில், அதாவது கோயில் போட்ட தடையில், இருந்தது.

பக்கத்து வீட்டு எரேமியாஸ் தேங்காய் திருடுகிறான் என்று சந்தேகப்பட்டு, போன மாதம் இவரேதான் கோயிலில் சாசி போடச் சொன்னார். போதகர் ஜெபம் செய்து தோப்பு வாசலில் குருத்தோலை கட்டினார். கிறிஸ்துமஸுக்கு அதை அவிழ்க்கும்வரை உள்ளே கால் வைத்தவன் வயிறு வீங்கிச் சாவான். சபை முழுக்கப் பார்க்கிறதே என்ற குஷியில், “சொந்தக்காரன் நான் நுழைஞ்சாலும் அதே தண்டனைதான்!” என்று நம்மவர் எழுந்து நின்று முழங்கியிருந்தார். அப்படிச் சொல்லச் சொல்லி யாரும் கேட்கவில்லை. வாய் சும்மா இருந்தால்தானே!

போதகரிடம் ஓடினார்.

“கர்த்தர்கிட்ட கொடுத்த வாக்கை, கேமரா வருதுன்னு திருப்பிக் கேக்க முடியுமா அண்ணே? அது நம்ம சபைக்காரங்களைத்தான் கட்டுப்படுத்தும். வர்றவங்க வேணும்னா போய்க்கட்டும்.”

படகுத்துறையில் எரேமியாஸ் காத்திருந்தான். “தைரியமா போங்க மச்சான். வயிறு வீங்கினா நானே தூக்கியாறேன்.”

படக்குழு வந்தது. ஓலைக்கு இந்தப் பக்கம் நின்று, பள்ளிக்கூட வாத்தியார் மொழிபெயர்க்க, மெல்கியானுஸ் கதையை இழுத்தார், இழுத்தார், மலைப்பாம்பு தீரும்வரை இழுத்தார். அவர்களுக்குப் பொறுமை போயிற்று. சீலாஸ் குடும்பத்துக் கால்கள் தேய்த்த பாதை, கண்ணைக் கட்டிக்கொண்டும் போகலாம். அவர்கள் உள்ளே போனார்கள். இவரும் ஒரு காலைத் தூக்கினார். ஓலை நெற்றியில் பட்டதும் கால் திரும்பிவிட்டது. பயம்தான். அந்த ஊரில் வேறு யாராக இருந்தாலும் இதைத்தான் செய்திருப்பார்கள்.

வெயில் ஏறியதும் அவர்கள் கூத்தாடிக்கொண்டு திரும்பினார்கள். பறவை எப்படிச் சிறகை விரித்தது என்று கையை விரித்து இவருக்கே விளக்கினார்கள். பிறந்ததிலிருந்து பார்த்துவரும் ஆட்டத்தை, பார்க்காதவர் மாதிரி தலையாட்டிக் கேட்டுக்கொண்டார்.

ஈஸ்டர் முடிந்து படம் வந்தது. கோயில் சுவரில் போட்டார்கள். பறவைகள் தங்கமாக மின்னின. நடுவில் ஒரு கணம் ஓலைக்குப் பின்னால், புதுப்பல் தெரிய மெல்கியானுஸ் கையாட்டினார். வாத்தியார் தயங்கித் தயங்கி மொழிபெயர்த்தார்.

“இந்த ஊர்க்காரங்க காட்டுக்குள்ள போகவே பயப்படுவாங்களாம். துரைக்கு அப்புறம், அங்க முதல்ல கால் வச்சது இந்தப் படக்காரங்கதானாம்.”

கோயிலே சிரித்தது. எரேமியாஸ் விழுந்து விழுந்து சிரித்தான். மெல்கியானுஸ் மனைவி பக்கம் திரும்பினார். அவள் என்ன சொல்லப் போகிறாளோ என்று காத்திருந்தார்.

“வாங்க, வீட்டுக்குப் போலாம்” என்றாள் ஓர்ப்பா, மெதுவாக.

அவள் கிண்டல் செய்திருந்தால் அவர் அன்றைக்கு அழுதிருக்க மாட்டார்.