நகரசபைக்குப் போன தங்கை

என் தங்கை அஞ்சலீனா ஜெர்மனியில் ஓர் அரசியல்வாதி. இதைச் சிரித்த முகத்தோடு சொல்லப் பழகியிருக்கிறேன். மொன்றியலில் தமிழ்ப் பூசை முடிந்து வெளியே வரும்போது யாராவது பிடித்துக்கொள்வார்கள். "அக்னெஸ் அக்கா, உங்கட தங்கச்சி அங்க பெரிய ஆளாம், உண்மையோ?" என்பார்கள். "ஓம், எல்லாம் மாதாவின்ர கிருபை" என்பேன். உள்ளே வயிறு பற்றி எரியும்.

1988இல் யாழ்ப்பாணத்தில் எங்கள் வீட்டுக்கு இரண்டு சம்பந்தங்கள் ஒரே மாதத்தில் வந்தன. மொன்றியலில் இருந்த வலன்ரைன் ஒன்று. ஜெர்மனியில் அகதி முகாமில் இருந்த யோசெப் மற்றது. மூத்தவள் என்பதால் முதலில் என்னைத்தான் கேட்டார்கள். ஜெர்மனி வேண்டாம், அந்தப் பாஷையைப் படித்து யார் முன்னேறுவது என்று பெரிய மேதைபோலச் சொன்னேன். கனடா என்றால் இங்கிலிஷ் என்று நினைத்திருந்தேன். மொன்றியலில் பிரெஞ்சு என்று ஒன்று எனக்காகக் காத்திருந்ததை யாரும் சொல்லவில்லை. நான் வலன்ரைனைக் கட்டினேன், யோசெப் தங்கைக்குப் போனார்.

அஞ்சலீனா போய் இறங்கியது தெற்கு ஜெர்மனியில் ஒரு சின்ன ஊர். அங்கே ஒரு முதியோர் இல்லத்தில் நிலம் துடைத்தாள். பிறகு அங்கேயே தாதிக்கு உதவியாளராக ஆனாள். படுக்கையில் கிடந்த கிழவிகளோடு கதைத்துக் கதைத்தே பாஷையைப் பிடித்துக்கொண்டாள். புத்தகப் பாஷை இல்லை, அந்த ஊர்ப் பேச்சு. சனம் சொக்கிப்போனது. இல்லத்துக்கு வரும் பஸ்ஸை நகரசபை நிறுத்தியபோது வீடு வீடாக ஏறிக் கையெழுத்து வாங்கினாள். பஸ் திரும்பி வந்தது. கட்சி ஒன்று அவளைச் சேர்த்துக்கொண்டு, 2004 தேர்தலில் பட்டியலின் அடியில், சும்மா அழகுக்கு, இருபத்தாறாவது பெயராகப் போட்டது. அங்கே பிடித்த ஒருவருக்கு மூன்று வாக்கு வரை போடலாமாம். சனம் மூன்று மூன்றாகப் போட்டு அவளை மேலே தூக்கி நகரசபைக்குள் அனுப்பிவிட்டது.

நான் மொன்றியலுக்குப் பக்கத்தில் கர்க்லாண்டில் ஒரு குழந்தைகள் காப்பகத்தில் சமைக்கிறேன். இருபது வருடத்தில் என் பிரெஞ்சு போன்ஷூர், மெர்சியைத் தாண்டி கரட், உருளைக்கிழங்கு வரை வந்திருக்கிறது. மூன்று வயதுப் பிள்ளைகள் என்னைத் திருத்துகிறார்கள். அங்கே அவள் எழுந்து நின்று மேயரையே கேள்வி கேட்கிறாள். யோசெப்பை நான் கட்டியிருந்தால் அந்த நகரசபைக் கதிரை எனக்குத்தான் வந்திருக்கும் என்று மனம் சொல்லும். அது விசர்க்கதை என்றும் தெரியும். வலன்ரைன் தங்கமான மனுசன், அவர் என்ன செய்வார்?

இதையெல்லாம் பொறுத்துக்கொண்டேன். என் மகள் ஜெசிக்கா விஷயம்தான் பொறுக்கவில்லை. அவள் சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூ ஊரிலுள்ள கல்லூரியில் அரசியல் படிக்கிறாள். சித்தியின் தேர்தல் சுவரொட்டியை அறையில் ஒட்டி வைத்திருக்கிறாள். என்னோடு இரண்டு வசனம் கதைக்காதவள் சித்தியோடு மணிக்கணக்கில் கதைப்பாள். பெற்றவள் நான் இருக்க, பிள்ளை அவள் பக்கம் போய்விடுவாளோ என்று பயந்தேன்.

2009இல் அடுத்த தேர்தல் வந்தது. ஏப்ரலில் ஒரு ஞாயிறு, பூசையால் வந்து உலையை வைக்கும்போது அஞ்சலீனா தொலைபேசி எடுத்தாள்.

"அக்கா, தேர்தல் வேலைக்கு ஜெசிக்காவை ஒரு மாதம் அனுப்புவீங்களோ?"

"அவளுக்கு உதுகளில விருப்பமில்லை. படிப்பும் கிடக்கு" என்றேன். மூச்சு விடுமுன் பொய் வந்துவிட்டது.

"போன கிழமை அவளிட்டைக் கேட்டனான். வரமாட்டன் எண்டிட்டாள்."

எனக்குத் துள்ளிக் குதிக்கவேண்டும் போலிருந்தது. இருபது வருடத்தில் முதல்முறையாக அவளை வென்றுவிட்டேன். இன்னும் கொஞ்சம் ருசிக்கலாம் என்று, "ஏனாம்?" என்று கேட்டேன்.

"சொன்னால் கோவிக்கக்கூடாது."

"சொல்லு."

"'சித்தி, உங்கட பேரை எடுத்தாலே அம்மாவின்ர முகம் கறுத்துப்போகும். நான் அங்க வந்தால் அவ தாங்கமாட்டா' எண்டவள். எனக்கும் அது எப்பவோ தெரியும், அக்கா. அதுதான் உங்களிட்டைக் கேக்கிறன். நீங்கள் சொன்னாத்தான் அவள் வருவாள்."

"பிறகு எடுக்கிறன்" என்று வைத்துவிட்டேன்.

வெட்கத்தில் காது சுட்டது. நான் இத்தனை வருடமாகச் சிரித்த சிரிப்பு வீட்டுக்குள்ளேயே ஒருவரையும் ஏமாற்றவில்லை. பிள்ளை போக ஆசைப்பட்டிருக்கிறாள், எனக்காக விட்டிருக்கிறாள். அதை நினைக்கக் கொஞ்சம் சந்தோஷமாகவும் இருந்தது. இல்லை என்றால் பொய். சோற்றை வடித்து வைத்துவிட்டு ஜெசிக்காவின் அறைக் கதவைத் தட்டினேன்.

"சோதனை முடிய சித்தியிட்டைப் போ. அப்பாவிட்டை ரிக்கெற் போடச் சொல்லுறன்."

அவள் புத்தகத்தை மூடிவிட்டு என் முகத்தையே பார்த்தாள்.

"ஷுவரா, அம்மா? நான் போனா உங்களுக்குப் பொறாமை வராதா?"

"வரும்" என்றேன். "நீ போயிட்டு வா."