மலைமேல் ஒரு பச்சைப் புள்ளி

இதைக் கட்டுக்கதை என்று நினைக்கிறவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். எனக்கு ஒன்றும் நஷ்டமில்லை. ஐலிஃபும் நானும் ஒரே மீன் ஆலையில் பதினெட்டு வருடமாக வேலை பார்க்கிறோம். அவன் மெஷின் பழுது பார்ப்பவன். கண்ணால் பார்த்துக் கையால் தொடாத எதையும் லேசில் ஒத்துக்கொள்ள மாட்டான். அப்பேர்ப்பட்டவன் ஒரு நாள் தன் போனை என் கையில் கொடுத்து, "நீயே படிச்சுக்கோ" என்றான். நேரம், எண், தூரம் எல்லாம் வரிசையாகப் பதிவாகியிருந்தன. அன்றிலிருந்து நான் அந்த மலைப்பாதையில் தனியாகப் போவதில்லை.

நாங்கள் இருப்பது நார்வேயின் வடகோடியில், குரோவிக் என்ற சின்ன ஊர். ஊருக்கு ஒரே டவர். மலையைத் தாண்டினால் நெஸ்பி. ஆஸ்பத்திரியும் பெரிய கடைகளும் அங்கேதான். நடுவில் பதினாலு கிலோமீட்டருக்கு டவர் சுத்தமாகக் கிடையாது. போன் கம்பெனிக்காரர்களைக் கேட்டால் எட்டு வருடமாக "அடுத்த வருஷம்" என்கிறார்கள்.

அதனால் ஊரில் முப்பது பேர் சேர்ந்து ஒரு குழு வைத்திருக்கிறார்கள். எந்த வளைவில் போன் எத்தனை சிக்னல் கோடு காட்டுகிறது, எந்த டவர் 5ஜிக்கு மாறியிருக்கிறது, எங்கே புது டவருக்குக் குழி தோண்டுகிறார்கள் என்று அலைந்து பார்த்து, ஒரு பொது வரைபடத்தில் குறிப்பார்கள். சிக்னல் கிடைக்கும் இடத்துக்குப் பச்சைப் புள்ளி. வேலையற்ற வேலை என்று நானும் கிண்டலடித்தவன்தான். ஆனால் பனியில் வண்டி மாட்டிக்கொண்டவன் அந்தப் புள்ளியை நம்பித்தான் நடக்க வேண்டும்.

குழுவில் ஒரு கட்டுப்பாடு உண்டு. புள்ளி வைக்கும் முன் வண்டியை நிறுத்தி என்ஜினை அணைக்க வேண்டும். போனை ஏரோப்ளேன் மோடில் போட்டு எடுத்து, ஒரு நிமிடம் முழுசாகக் காத்திருக்க வேண்டும். ஏனென்றால் டவரை விட்டு விலகிய பிறகும் போன் சில விநாடிகள் பழைய கோடுகளையே காட்டும். ஓடுகிற வண்டியில் அதைப் பார்த்துப் புள்ளி வைத்தால் அது பொய்ப் புள்ளி.

ஐலிஃப் அந்தக் கட்டுப்பாட்டை ஒரே ஒரு முறை மீறினான். அது அக்டோபர் மாதம், ஒரு சனிக்கிழமை மத்தியானம். வெளியே மழை. எங்கள் ஊரில் சனிக்கிழமை என்றால் மத்தியானம் பால்கஞ்சிதான், அது வீட்டில் ஆறிக்கொண்டிருந்தது. மலை உச்சியில், பனி தள்ளும் வண்டி திரும்புவதற்காக விட்டிருக்கும் அகலமான இடத்தைக் கடக்கும்போது, போனில் இரண்டு கோடு தெரிந்தது. யார் இறங்கி நனைவது என்று எண்பது கிலோமீட்டர் வேகத்திலேயே பச்சைப் புள்ளியைத் தட்டிவிட்டுக் கஞ்சி குடிக்கப் போய்விட்டான்.

அடுத்த ஜனவரியில் ஒட்னி இறந்தாள். அவளும் அந்தக் குழுவில் இருந்தவள்தான். பனிப்புயலில் வண்டி சிக்கியிருக்கிறது. உள்ளேயே உட்கார்ந்திருந்தால் பிழைத்திருப்பாள். அவளோ இறங்கி அறுநூறு மீட்டர் நடந்து அந்தப் பச்சைப் புள்ளி இருந்த இடத்துக்குப் போயிருக்கிறாள். மறுநாள் காலையில் அங்கேதான் அவளை எடுத்தார்கள். போன் கையில் இருந்தது.

ஐலிஃப் அன்றைக்கே அந்தப் புள்ளியை அழித்தான். ஊரில் யாரும் அவனை ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஒட்னியின் கணவன் சிக்வால் மட்டும், எதிரே ஐலிஃபைக் கண்டால் தெருவின் அந்தப் பக்கம் போய்விடுவான்.

அதிலிருந்து ஐலிஃபுக்கு ஒரே நினைப்புதான். அந்த இடத்தில் உண்மையாகவே சிக்னல் இருந்திருக்க வேண்டும். ஒரு கோடு கிடைத்தால் போதும். தன் புள்ளி பொய்யில்லை, ஒட்னி தன்னால் சாகவில்லை என்று ஆகிவிடும். அதற்காகவே வாரம் ஒரு முறை மலை ஏறினான். கட்டுப்பாடு பிசகாமல் ஒரு நிமிடம், பத்து நிமிடம், அரை மணி நேரம் நின்று பார்த்தான். இரண்டு வருடத்தில் ஒரு தரம்கூடக் கிடைக்கவில்லை.

போன ஜனவரி இருபத்து மூன்று. மத்தியானம் ஒரு மணி ஐம்பது. ஆலையில் உடை மாற்றும் அறை. அவனுக்கு வேலை முடிகிற நேரம், அவன் கூட்டாளி ஹால்வருக்கு வேலை தொடங்குகிற நேரம்.

"இன்னிக்கும் மேல போறியாடா?" என்றான் ஹால்வர்.

"போயிட்டு வந்துடறேன்."

"உன் பொண்டாட்டி ஒரு நாள் உன்னையே ஏரோப்ளேன் மோடுல போடப்போறா, பாத்துக்கோ."

ஐலிஃப் சிரிக்கவில்லை. ஹால்வர் கையுறையை மாட்டிக்கொண்டான். "நீ என்ன வேணும்னா செஞ்ச? விட்டுத் தொலைடா" என்று சொல்லிவிட்டு உள்ளே போனான்.

ஜனவரியில் எங்கள் ஊரில் சூரியன் எட்டிப் பார்ப்பதில்லை. ஐலிஃப் உச்சிக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி 2:36. நல்ல இருட்டு. காற்று அசையவில்லை. குளிர் மைனஸ் பத்தொன்பது. என்ஜினை அணைத்தான். முன்விளக்கை மட்டும் எரியவிட்டான். பனி மூடினாலும் பாதை தெரிவதற்காக ஓரத்தில் நட்டிருக்கும் கம்புகளில் ஒட்டிய வெள்ளிப் பட்டைகள் வரிசையாக மின்னின.

போனை ஏரோப்ளேன் மோடில் போட்டு எடுத்தான். ஒரு நிமிடம் எண்ணினான்.

2:38. இரண்டு கோடு.

ஐலிஃப், குழுவினர் வைத்திருக்கும் செயலியைத் திறந்தான். எந்த டவரிலிருந்து சிக்னல் வருகிறது, அது எவ்வளவு தூரம் என்பதை அது காட்டும். தூரத்தைப் படிக்கணக்கில் சொல்லும். ஒரு படி என்றால் எழுபத்தெட்டு மீட்டர்.

குரோவிக் டவரின் எண் 41207. நெஸ்பி 41215. இது இரண்டுமே இல்லை. எண் வர வேண்டிய இடத்தில் வெறும் பூஜ்யம். தூரம், 31 படி.

வேறு யாராக இருந்தாலும் அப்போதே ஏதோ சரியில்லை என்று கிளம்பியிருப்பார்கள். ஆனால் இந்த டவர் பைத்தியங்களுக்குப் புத்தி வேறு மாதிரி ஓடும். புது டவரைச் சோதிக்கும்போது எண் இப்படித் தாறுமாறாக வருவது உண்டு. முப்பத்தொரு படி என்றால் இரண்டரை கிலோமீட்டர். சுற்றிலும் அவ்வளவு தூரத்துக்கு இந்தப் பாதையைத் தவிர ரோடு கிடையாது, கரண்ட் கம்பி கிடையாது, மொட்டைப் பாறைதான். ஹெலிகாப்டரில் தூக்கி வந்து வைத்திருப்பார்கள் என்று முடிவு கட்டினான். வண்டிக்குள் உட்கார்ந்து குழந்தை மாதிரி அழுதான்.

2:41. ஹால்வரைக் கூப்பிட்டான். மணி அடிக்கவே இல்லை. அதற்குள் எடுத்தாயிற்று.

"டேய் ஹால்வர்! டவர் கிடைச்சிருச்சுடா! மேல நிக்கிறேன், ரெண்டு கோடு!"

"அங்கயே இரு."

"புதுசு வச்சிருக்கானுங்கடா! ஒருவேளை அப்பவே இங்க ஏதாச்சும் இருந்திருக்கும். என் புள்ளி பொய்யில்லடா..."

"அங்கயே இரு. வந்துக்கிட்டிருக்கேன்."

ஹால்வரின் குரல்தான். ஆனால் கிண்டல் இல்லை. பின்னால் ஆலையின் இரைச்சல் இல்லை. மூச்சு விடுகிற சத்தம்கூட இல்லை.

"நீ எதுக்குடா வர்ற?"

"வந்துக்கிட்டிருக்கேன்."

ஐலிஃப் காதிலிருந்து போனை எடுத்துத் திரையைப் பார்த்தான். 26.

வண்டி நின்ற இடத்திலேயேதான் நிற்கிறது. அவனும் அசையவில்லை. சோதனை டவர், எண் கொஞ்சம் தடுமாறும் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டான்.

2:47. தூரம் 22.

2:50. தூரம் 17. கோடு மூன்று.

2:52. தூரம் 11. கோடு முழுசு.

டவர் நடக்காது.

அந்த நினைப்பு வந்ததுமே இன்னொன்றும் வந்தது. சந்தோஷத்தில் மறந்தே போயிருந்தான். ஹால்வருக்கு இரண்டு மணிக்கு வேலை தொடங்கிவிட்டது. மீன் வெட்டும் இடத்துக்குள் போன் கொண்டுபோக விடமாட்டார்கள். அலமாரியில் பூட்டிவிட்டுத்தான் போக வேண்டும்.

அப்படியானால்... எடுத்தது யார்?

அப்போதே கிளம்பியிருக்கலாம். அவனே என்னிடம் சொன்னான். சாவி கையில்தான் இருந்தது. ஆனால் இரண்டு வருடம் ஏங்கிய கோடு இப்போது திரையில் முழுசாக இருக்கிறது. இன்னும் ஒரு நிமிடம் பதிவானால் யாரும் மறுக்க முடியாத சாட்சி. உயிரைவிட அது பெரிதாகப் பட்டதாம்.

2:54. தூரம் 6.

முன்னால் பார்த்தான். பனி. கம்புகள். வேறொன்றும் இல்லை.

தூரத்தில் கடைசிக் கம்பின் வெள்ளிப் பட்டை அணைந்தது.

விளக்கு வெளிச்சம் அப்படியே இருந்தது. பட்டை மட்டும் மின்னவில்லை. நடுவில் ஏதோ வந்து நின்றுவிட்டது.

அடுத்த கம்பு அணைந்தது.

அதற்கடுத்தது...

சத்தமே இல்லை. பனியில் நடந்தால் நறநறவென்று கேட்கும். அதுகூட இல்லை.

"பக்கத்துல வந்துட்டேன்" என்றது போன்.

2:55. தூரம் 2.

சாவியைத் திருகினான். வண்டியைத் திருப்பினான். எப்படித் திருப்பினான் என்று அவனுக்கே தெரியாது. குரோவிக் பக்கம் இறக்கத்தில் விட்டான். போன் பக்கத்து சீட்டில் கிடந்தது. இணைப்பு துண்டிக்கப்படவில்லை.

"அங்கயே இரு."

நூறு கிலோமீட்டர் வேகம். பனிப்பாதையில் நூறு.

தூரம் 1.

வளைவு தாண்டினான். தூரம் 1.

பாலம் தாண்டினான். தூரம் 1.

பின்னால் திரும்பிப் பார்க்கவில்லை. கண்ணாடியைக் கையால் தட்டி மேலே திருப்பிவிட்டான்.

3:01. கடல் தெரியும் வளைவு. போன் ஒருமுறை அதிர்ந்தது. திரையில் 41207. ஊர் டவர். இணைப்பு அறுந்தது.

அவன் வண்டியை ஓரம்கட்டி, கதவைத் திறந்து வாந்தி எடுத்தான்.

மறுநாள் ஹால்வர் தன் போனைக் காட்டினான். முந்தின நாள் ஐலிஃபிடமிருந்து ஒரு அழைப்பும் வரவில்லை. இரண்டு மணியிலிருந்து பத்து மணி வரை போன் அலமாரியில்தான் இருந்திருக்கிறது. ஐலிஃபின் போனிலோ, ஹால்வர் பெயருக்கு நேரே இருபது நிமிடம் பேசியதாக இருந்தது. போன் கம்பெனியில் விசாரித்தோம். அந்த மலையில் டவர் எதுவும் வைக்கவில்லை, இனி வைக்கிற திட்டமும் இல்லை என்றார்கள்.

இத்தனைக்குப் பிறகும் ஐலிஃபுக்கு மனதில் ஒரு மூலையில் நிம்மதி இருந்தது. வெட்கத்தைவிட்டு அதையும் சொன்னான். அது என்னவாக வேண்டுமானாலும் இருக்கட்டும், அங்கே சிக்னல் வருகிறது, பதிவு கையில் இருக்கிறது, தான் வைத்தது பொய்ப் புள்ளி இல்லை. அந்த ஒரு சொல்லைச் சொல்வதற்காகவே அந்த ஞாயிற்றுக்கிழமை காலை பதினோரு மணிக்குச் சிக்வால் வீட்டுக் கதவைத் தட்டினான்.

சிக்வால் சமையலறைக்குக் கூட்டிப்போனான். உட்காரச் சொல்லவில்லை. காபி ஊற்றவில்லை. எங்கள் ஊரில் காபி ஊற்றாமல் ஒருவரை நிற்க வைத்தால், அதற்கு மேல் ஒரு அவமானம் கிடையாது.

"அந்தப் புள்ளிய வச்சது நான்தான், சிக்வால்."

"தெரியும்."

"ஆனா அது பொய்யில்ல. அங்க டவர் கிடைக்குது. இதப் பாரு..."

"அதுவும் தெரியும்."

சிக்வால் இழுப்பறையைத் திறந்து ஒட்னியின் போனை எடுத்து மேசையில் வைத்தான். கண்ணாடி கீறல் விட்டிருந்தது. அவள் இறந்த அன்றைக்கான அழைப்புப் பட்டியலைத் திறந்து காட்டினான். மத்தியானம் 3:02. நாற்பத்தொரு நிமிடம். மலையடியில் குடியிருந்து, பெரிய வண்டியும் வைத்திருப்பவன் யாரோ, அவனைத்தான் அவள் கூப்பிட்டிருந்தாள்.

பெயர், ஐலிஃப்.

"போலீஸ்கிட்டகூட இதக் காட்டல. நீயா வந்து உன் வாயால சொல்லட்டும்னு ரெண்டு வருஷமா உக்காந்திருக்கேன்" என்றான் சிக்வால். "நாப்பத்தோரு நிமிஷம் அவகூடப் பேசியிருக்க. ஏன்டா போகல?"

அந்த நாள் மூன்று மணிக்கு ஐலிஃப் தன் வீட்டில்தான் இருந்தான். போன் சாப்பாட்டு மேசையில் இருந்தது. ஊர் டவர் முழுக் கோட்டில் இருந்தது. அது அடிக்கவே இல்லை. சத்தியமாக அடிக்கவில்லை என்று கெஞ்சினான். மலையில் தனக்கு நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னான். சிக்வால் அவன் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. இன்றுவரை நம்பவும் இல்லை.

ஐலிஃப் பேசி முடித்ததும், சிக்வால், ஒட்னி தனக்கு எழுதி, போய்ச் சேராமல் போனிலேயே தங்கிவிட்ட கடைசிச் செய்தியைத் திறந்து ஐலிஃப் முன்னால் தள்ளிவைத்தான். நேரம் 3:39.

"ஐலிஃப் கிடைச்சுட்டான். அங்கயே இரு, வந்துக்கிட்டிருக்கேன்னு சொல்றான். இப்ப பக்கத்துல வந்துட்டானாம். வண்டி வெளிச்சத்தத்தான் இன்னும் காணோம்."